பிறசர் குளிசையும் மனமும்: கிளினிக்கில் கேட்கப்படாத ஒரு கேள்வி

மாதத்தில் ஒருநாள் விடியப்புறமே எழும்பி, கையில் ஒரு துணிப்பையோடு முதல் பஸ்ஸுக்கு நிற்கும் மூத்தவர்களை யாழ்ப்பாணத்தின் எந்த வீதியிலும் காணலாம். பைக்குள் கிளினிக் கொப்பி, போன மாதத்துக் குளிசை உறைகள், ஒரு தண்ணீர்ப் போத்தல். பருத்தித்துறை, சாவகச்சேரி, தெல்லிப்பழை, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகளுக்கும் நகரத்துப் பெரியாஸ்பத்திரிக்கும் இப்படித்தான் சனம் போகிறது. நெடுந்தீவுக்காரர் பெரிய வைத்தியரைப் பார்ப்பதென்றால் முதலில் கடல் தாண்டிக் குறிகட்டுவானுக்கு வரவேண்டும். பிறகுதான் பஸ். இலக்கம் எடுத்து, வாங்கில் மணிக்கணக்காக இருந்து, கடைசியில் வைத்தியருக்கு முன்னால் போய் இருந்தால் கிடைப்பது ஓரிரு நிமிடம்.

"குளிசை ஒழுங்காப் போடுறீங்களோ, அம்மா?"

"ஓம், டொக்டர்."

"உப்புக் குறைச்சிருக்கிறீங்களோ?"

"ஓம்."

கையில் பட்டி சுற்றி அமுக்கம் பார்க்கிறார்கள். இலக்கத்தைக் கொப்பியில் எழுதுகிறார்கள். அடுத்த திகதியைப் போட்டுக் கொடுத்து, மருந்துக் கவுண்டருக்கு அனுப்பிவிடுகிறார்கள். "நித்திரை எப்படி? கனவு வருகுதோ? மனம் எப்படிக் கிடக்கு? முன்னம் விருப்பமாய்ச் செய்த வேலை இப்ப செய்ய மனம் வருகுதோ?" என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை. வைத்தியருக்குக் கேட்க விருப்பமில்லை என்று நான் சொல்லவில்லை. வாசலில் நிற்கும் சனத்தைப் பார்த்தால் எவருக்கும் அந்தக் கேள்வி தொண்டையிலேயே நின்றுவிடும். ஆனால் கேட்காததன் விலையை யாழ்ப்பாணத்து வீடுகள் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. இந்தக் கட்டுரையின் முறைப்பாடு அதைப் பற்றியதுதான்.

2021ஆம் ஆண்டின் தேசிய ஆய்வின்படி இலங்கையில் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருக்கிறது. மறுபக்கத்தில், போர் முடிந்த கையோடு 2009ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் யாழ் மாவட்டத்தில் செய்யப்பட்ட ஓர் ஆய்வு 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. அதன்படி, விசாரிக்கப்பட்டவர்களில் 22.2 வீதமானோருக்கு மனச்சோர்வின் அறிகுறிகளும், 32.6 வீதமானோருக்குப் பதகளிப்பின் அறிகுறிகளும், 7 வீதமானோருக்குப் போர்வடுவால் வரும் நெருக்கீட்டின் அறிகுறிகளும் இருந்தன. அன்று நாற்பது, ஐம்பது வயதில் இருந்தவர்கள்தான் இன்று பிறசர் கிளினிக் வாங்குகளில் இருக்கிறார்கள். இரண்டு நோயும் ஒரே உடம்பில் ஒன்றாய்க் கிடக்கின்றன. நமது சுகாதார சேவையோ அவற்றை இரண்டு கட்டடங்களில், இரண்டு நாட்களில், இரண்டு கொப்பிகளில் பார்க்கிறது.

பிறசர் குளிசை மனத்தைத் தொடுமா என்பது புதிய கேள்வி அல்ல. அதன் வேர் நமது தென்னாசிய மண்ணிலேயே இருக்கிறது. சர்ப்பகந்தி என்ற செடியின் வேரை நமது வைத்தியர்கள் நித்திரையின்மைக்கும் சித்தக் கலக்கத்துக்கும் காலங்காலமாகக் கொடுத்து வந்தார்கள். 1931இல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவர், அந்த வேர் இரத்த அழுத்தத்தையும் சித்தக் கலக்கத்தையும் தணிக்கிறது என்று எழுதினார்கள். 1949இல் பம்பாயின் ருஸ்தம் ஜால் வக்கீல் தம் நோயாளர்களின் அனுபவத்தைப் பிரித்தானிய இதயநோய்ச் சஞ்சிகையில் வெளியிட்டதும் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிற்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற சரக்கைப் பிரித்தெடுத்தார்கள். அழுத்தத்துக்கான முதல் நவீன மருந்துகளில் ஒன்று அது.

இரண்டே வருடத்தில் எச்சரிக்கை வந்தது. எட்வர்ட் ஃப்ரீஸ் என்ற அமெரிக்க வைத்தியர், பெரிய அளவில் நெடுநாள் ரெசர்பின் எடுத்த சிலர் கடும் மனச்சோர்வுக்குள் விழுந்ததை 1954இல் எழுதினார். அமுக்கம் பார்க்கும் கருவி அவருக்கு அதைக் காட்டவில்லை. நோயாளர்களோடு கதைத்துத்தான் அவர் அதை அறிந்தார். மூளையில் சில இரசாயனங்கள் குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறது என்ற கருத்து பின்னாளில் உருவானதற்கும் இந்த மருந்து ஒரு காரணம்.

அதே ஃப்ரீஸ் மருந்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. மிகக் கடுமையான அழுத்தம் இருந்த 143 ஆண்களை இரண்டாகப் பிரித்து அவர் நடத்திய ஆய்வு 1967இல் வெளிவந்தது. மருந்தில்லாத வெறுங்குளிசை எடுத்த 70 பேரில் 27 பேருக்குப் பாரிசவாதம், மாரடைப்பு போன்ற பேரிடர்கள் வந்தன. மருந்து எடுத்த 73 பேரில் இருவருக்கு மட்டுமே அப்படி ஏதும் வந்தது. அந்த மருந்துக் கூட்டில் ரெசர்பினும் ஒன்று. அழுத்தத்துக்கு மருந்து எடுத்தால் உயிர் தப்பும் என்று உலகுக்கு நிரூபித்ததும், அதே மருந்து மனத்தை வாட்டலாம் என்று முந்தி எச்சரித்ததும் ஒரே மனிதர். நமது கிளினிக்குகளுக்கு இதைவிட நல்ல முன்னுதாரணம் எனக்குத் தெரியவில்லை. குளிசையைக் கொடு, மனத்தையும் கேள்.

இன்றைய குளிசைகள் ரெசர்பின் அல்ல. அதனால் பயமுறுத்தாமல் உண்மையைச் சொல்லவேண்டும். அற்றெனொலோல், புரொப்பிரனொலோல் போன்ற பீற்றா தடுப்பு மருந்துகள் மனச்சோர்வைக் கொண்டுவரும் என்று பல பத்தாண்டுகள் வைத்தியப் புத்தகங்களே சொல்லி வந்தன. 2021இல் 285 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது அந்தக் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் வினோதக் கனவுகளும் நித்திரைக் குழப்பமும் இவற்றோடு தொடர்புபட்டிருப்பது தெரிந்தது. டென்மார்க்கின் நாடளாவிய பதிவேடுகளை வைத்து 2020இல் வந்த ஆய்வு, பரவலாகப் பாவிக்கப்படும் 41 அழுத்த மருந்துகளில் ஒன்றுகூட மனச்சோர்வின் ஆபத்தைக் கூட்டவில்லை என்றும், எனலாபிரில், அம்லோடிபின் உட்பட ஒன்பது மருந்துகள் எடுத்தவர்களிடம் அது குறைவாகவே காணப்பட்டது என்றும் சொன்னது. 2016இல் கிளாஸ்கோவிலிருந்து சந்தோஷ் பத்மநாபன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு வேறுவிதமாகச் சொன்னது. மனநிலைக் கோளாறுக்காக வைத்தியசாலையில் சேர்வது பீற்றா தடுப்பு மருந்தும் கல்சியம் தடுப்பு மருந்தும் எடுத்தவர்களிடையே ஒப்பீட்டளவில் அதிகம் என்றது. ஆய்வுகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. ஆகவே "பிறசர் குளிசை போட்டால் விசராக்கும்" என்று ஊரில் யாராவது சொன்னால் அதை நம்பவேண்டாம். "குளிசைக்கும் மனத்துக்கும் சம்பந்தமே இல்லை" என்று யாராவது கையை விரித்தால் அதையும் நம்பவேண்டாம். ஆபத்து எங்கே உறுதியாக இருக்கிறதோ அங்கே பார்ப்போம்.

முதலாவது, வயதானவர்களின் சோடியம். அழுத்தத்துக்குக் கொடுக்கும் ஹைட்ரோகுளோரோதையசைட், இன்டபமைட் போன்ற மூத்திரம் போக்கும் குளிசைகள் சிலரின் இரத்தத்தில் சோடியத்தைக் குறைத்துவிடும். வயதான, மெலிந்த பெண்களுக்கு இந்த ஆபத்து அதிகம். சோடியம் இறங்கினால் முதலில் களைப்பு, ஓங்காளம், சாப்பாட்டில் வெறுப்பு. பிறகு மறதி, தடுமாற்றம், ஆளை ஆள் தெரியாத குழப்பம். இன்னும் இறங்கினால் வலிப்பு.

என் பெரியம்மா ஒருவருக்கு இது நடந்தது. எழுபதைத் தாண்டியும் விடியக் கிணற்றடியில் குளித்து, கோயிலுக்குப் பூக்கொய்து, பேப்பரை முதற்பக்கத்திலிருந்து மரண அறிவித்தல்வரை வாசிக்கிற மனுஷி. பிறசருக்குப் புதிதாக ஒரு குளிசை சேர்த்துச் சில கிழமைகளில் பேப்பரை விட்டார். பிறகு கோயிலை விட்டார். அடுப்பில் உலை வைத்ததை மறந்தார். செத்துப்போன தம்பியைப் "பின்னேரம் வருவான்" என்று பார்த்துக்கொண்டு இருந்தார். "அறளை பேந்திட்டுது, வயசு போனால் அப்படித்தான்" என்று வீடே முடிவு கட்டிவிட்டது. மகள் வெளிநாட்டிலிருந்து வீடியோவில் பார்த்து அழுவாள். இதற்கிடையில் கிளினிக்குக்கும் போய் வந்தார். அமுக்கம் நல்லாய் இருக்கிறது, அதே மருந்தைத் தொடருங்கள் என்று கொப்பியில் எழுதிவிட்டார்கள். ஒருநாள் முற்றத்தில் விழுந்து, விழுந்ததற்காக வைத்தியசாலைக்குக் கொண்டுபோனபோதுதான் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். லீற்றருக்கு 135 மில்லிமோலுக்குக் குறையாமல் இருக்கவேண்டிய சோடியம் 118இல் நின்றது. குளிசையை மாற்றினார்கள். சோடியத்தை மெல்ல மெல்ல ஏற்றினார்கள். பெரியம்மா திரும்பவும் பேப்பர் வாசிக்கிறார்.

எத்தனை வீடுகளில் இந்த இரத்தப் பரிசோதனை செய்யப்படாமலே அறளை என்று முடிவு கட்டப்படுகிறது? மூளை தேயும் நோய்க்கு இன்று குணமில்லை. சோடியம் குறைந்ததற்குக் குணம் உண்டு. இரண்டையும் பிரித்தறிய ஒரு சிறு போத்தல் இரத்தம் போதும். நமது வெயிலையும் சேர்த்து நினைக்கவேண்டும். உப்பைக் குறை என்கிறோம், தண்ணீர் நிறையக் குடி என்கிறோம், பிள்ளைகள் வெளிநாட்டில் என்பதால் தனியாக இருக்கும் அம்மா மத்தியானம் கொஞ்சக் கஞ்சியோடு நிறுத்திவிடுகிறார். அதற்குமேல் மூத்திரம் போக்கும் குளிசை. உப்பைக் குறைக்கச் சொல்வது சரியான புத்திமதிதான். அந்தப் புத்திமதியோடு இந்தக் குளிசையையும் கொடுத்தால், சில கிழமைகளில் இரத்தத்தைப் பார்க்கவேண்டியது கொடுத்தவர்களின் கடமை.

மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃபுளுஒக்சற்றின், சேற்றலின் போன்ற குளிசைகளும் தம் பங்குக்குச் சோடியத்தைக் குறைக்கக்கூடியவை. ஒரு கிளினிக்கில் ஒன்று, மற்றக் கிளினிக்கில் மற்றது என்று ஒரே ஆள் இரண்டையும் போட்டால் ஆபத்துக் கூடும்.

இரண்டாவது, அதைவிடக் கொடியது, லித்தியம். இருமுனை மனநோய்க்கு லித்தியம் எடுப்பவர்கள் யாழ்ப்பாணத்திலும் இருக்கிறார்கள். பலரை அது ஆண்டுக்கணக்காய் நிலையாக வைத்திருக்கிறது. நல்ல மருந்து. ஆனால் அதன் அளவு இரத்தத்தில் ஒரு குறுகிய எல்லைக்குள் நிற்கவேண்டும். எனலாபிரில், லொசாட்டன், ஹைட்ரோகுளோரோதையசைட் ஆகிய மூன்றும், அதாவது பிறசர் கிளினிக்கில் தாராளமாய் எழுதப்படும் குளிசைகள், லித்தியத்தை உடம்பை விட்டுப் போகவிடாமல் தடுத்து அதன் அளவை ஏற்றிவிடும். கை நடுக்கம், வயிற்றோட்டம், நடை தள்ளாட்டம், நாக்குக் குழறல், கடைசியில் மயக்கம். முழங்கால் நோவுக்குப் பார்மசியில் துண்டில்லாமல் வாங்கிப் போடும் டைக்குளோஃபினக்கும் இதே வேலையைச் செய்யும், பிறசரையும் ஏற்றும். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் இளநீரும் தண்ணீருமாய் விரதம் பிடிக்கும் ஊர் இது. உடம்பில் நீரும் உப்பும் வற்றும்போது லித்தியம் இன்னும் ஏறும். விரதம் பிடிக்கவேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. விரதத்துக்கு முதல் வைத்தியரிடம் கேளுங்கள் என்று கிளினிக்கில் ஒருவர் சொல்லவேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

லித்தியம் எழுதுபவர் மனநல வைத்தியர். லொசாட்டன் எழுதுபவர் பொது வைத்தியர். இருவரும் தத்தம் கொப்பியைத்தான் பார்க்கிறார்கள். மனநலக் கொப்பியை நோயாளர் பிறசர் கிளினிக்குக்குக் கொண்டுபோவதில்லை. ஏன் என்று நமக்கெல்லாம் தெரியும். வரிசையில் பக்கத்தில் இருப்பவர் அயல் வீட்டுக்காரராய் இருப்பார். கொப்பியின் மட்டையைக் கண்டால், பின்னேரத்துக்குள் கதை சந்திக்கு வந்துவிடும். பிள்ளைக்குச் சம்பந்தம் பேசும் வயதென்றால் சொல்லவே வேண்டாம். ஆகவே அம்மா மறைக்கிறார். அந்த மறைப்புக்கு அவரைக் குற்றம் சொல்ல நான் ஆயத்தமில்லை. மறைக்கவேண்டிய நிலையில் அவரை வைத்திருக்கிறோமே, அதுதான் குற்றம்.

மூன்றாவது, கனவு. புரொப்பிரனொலோல் கொழுப்பில் கரையும் மருந்து. ஆகவே மூளைக்குள் இலகுவாய்ப் போகும். அழுத்தத்துக்கு மட்டுமல்ல, தலையிடிக்கும் கை நடுக்கத்துக்கும் நெஞ்சுப் படபடப்புக்கும் அதைக் கொடுப்பார்கள். சிலருக்கு அது அச்சொட்டான, பயங்கரமான கனவுகளைக் கொண்டுவரும். வேறு ஊரில் ஒருவருக்குக் கெட்ட கனவு என்றால் அது கெட்ட கனவு மட்டும்தான். 1995இல் ஒரே இரவில் வலிகாமமே பெயர்ந்து செம்மணி வெளியால் நடந்த இடப்பெயர்வை, 2009இல் முள்ளிவாய்க்காலை நெஞ்சில் சுமக்கிறவருக்குக் கெட்ட கனவு என்றால் என்ன? எறிகணை திரும்ப விழும். பிள்ளை திரும்பக் கைநழுவும். அவர் அதைப் போரின் வடு என்றே நினைத்துக்கொள்வார். உண்மையில் அது போரின் வடுவாகவும் இருக்கலாம், குளிசையாகவும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்ததாகவும் இருக்கலாம். கேட்டால்தானே பிரித்தறியலாம். மூளைக்குள் அவ்வளவு போகாத அற்றெனொலோலுக்கோ, முற்றிலும் வேறொரு வகைக்கோ மாற்றிப் பார்க்க வைத்தியரால் முடியும்.

இதற்கு நேரெதிரான சங்கதியும் உண்டு. நமது கிளினிக்குகளில் அழுத்தத்துக்குக் கொடுக்கும் பிரசோசின் என்ற குளிசையை அமெரிக்காவில் போரிலிருந்து திரும்பிய படையினரின் கெட்ட கனவுகளைக் குறைக்கப் பாவித்தார்கள். சிறிய ஆய்வுகளில் நல்ல பலன் தெரிந்தது. 2018இல் வெளியான 304 பேரின் பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை. இருந்தாலும் சிலருக்கு உதவுகிறது என்று வைத்தியர்கள் இன்னும் எழுதுகிறார்கள். பிறசர் குளிசையைத் தெரிவுசெய்யும்போதே நோயாளரின் நித்திரையையும் கணக்கில் எடுக்கலாம் என்பதற்கு இது சாட்சி. அதற்கும் முதலில் அந்த நித்திரையைப் பற்றிக் கேட்கவேண்டும்.

பிள்ளைப்பேற்றுத் தாய்மாரையும் மறந்துவிடக்கூடாது. கர்ப்ப காலத்து அழுத்தத்துக்கு மெதில்டோபா பல காலமாகக் கொடுக்கப்படும் பாதுகாப்பான மருந்து. குழந்தை பிறந்தபின் அது தாயின் மனச்சோர்வைக் கூட்டலாம் என்பதால், பிரசவமாகி இரண்டு நாளுக்குள் அதை நிறுத்தி வேறு மருந்துக்கு மாற்றும்படி பிரித்தானிய வழிகாட்டல் சொல்கிறது. நமது குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடிப் போய்த் தாயையும் பிள்ளையையும் பார்ப்பவர். இலங்கை பெருமைப்படக்கூடிய சேவை அது. அவர் கையில் உள்ள அட்டையில் "தாய் இன்னும் மெதில்டோபா எடுக்கிறாரா?" என்ற ஒரு வரியைச் சேர்ப்பது கடினமான காரியமா?

இவ்வளவும் தெரியாமல், சொல்ல ஆளில்லாமல், சனம் என்ன செய்கிறது? குளிசையை விடுகிறது. "இது போட்டால் உடம்பு ஏலாது, நித்திரை வருகுதில்லை" என்று தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். கிளினிக்கில் கேட்டால் "ஓம், போடுறனான்" என்பார்கள். உண்மையைச் சொன்னால் பேச்சு விழும் என்ற பயம். பீற்றா தடுப்பு மருந்தையும் குளோனிடின் என்ற மருந்தையும் திடீரென்று விட்டால் அழுத்தம் முன்னைவிட மேலே எகிறக்கூடும். மற்றவற்றை விட்டாலும் அழுத்தம் சத்தமில்லாமல் ஏறி, ஒருநாள் காலையில் வாய் கோணி, கை தூக்க ஏலாமல் போகும். பாரிசவாதத்தின் பின் வரும் மனச்சோர்வு அந்த வீட்டையே படுக்கவைக்கும். குளிசைக்கும் மனத்துக்கும் இடையிலான இந்தச் சுழற்சியில் நம்மவர் அகப்படுவது மருந்தின் குற்றத்தால் அல்ல. விளக்கம் சொல்ல ஆளில்லாததால்.

2022இல் நாடு கடனைக் கட்ட முடியாமல் நின்றபோது மருந்துத் தட்டுப்பாடு வந்தது. இன்று ஒரு நிறத்துக் குளிசை, அடுத்த மாதம் வேறொரு நிறம், அதற்கடுத்த மாதம் "வெளியில வாங்குங்கோ" என்று ஒரு துண்டு. நிறம் மாறியது கம்பனி மாறியதாலா, மருந்தே மாறியதாலா என்று நோயாளருக்குத் தெரியாது. பழையதும் புதியதும் ஒன்றே என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துப் போட்டு மயங்கி விழுந்தவர்களின் கதை ஊரில் உண்டு. தட்டுப்பாடு நம் கையில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். "அம்மா, இது வேறு மருந்து, பழையதைப் போடவேண்டாம்" என்று தமிழில் ஒரு சொல் சொல்வது நம் கையில் இருக்கிறது.

தமிழ் என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் முப்பதுக்கு மேற்பட்ட மாணவர்களுக்குத் தமிழிலேயே மேலைத்தேய மருத்துவம் கற்பித்து வைத்தியராக்கினார். உடற்கூற்றியலும் சத்திரசிகிச்சையும் இரசாயனமும் தமிழில் நூலாயின. அந்த மானிப்பாயில் இன்று ஒரு பார்மசிக்குள் போய்ப் பிறசர் குளிசை வாங்கினால், பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுப்பிரசுரம் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில்தான் இருக்கும். கிளினிக்கில் கொடுக்கும் கடதாசி உறையிலோ துண்டுப்பிரசுரமே இல்லை. தமிழ் இந்த நாட்டில் 1987இலிருந்து அரசியலமைப்பின்படி அரசகரும மொழி. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்கு மருந்தின் சுட்டுத்துண்டையும் துண்டுப்பிரசுரத்தையும் ஒழுங்குபடுத்தும் பொறுப்பு இருக்கிறது. எல்லாக் கம்பனிக்கும் உடனே சட்டம் போட முடியாதென்றால், அரசே இரத்மலானையில் செய்யும் குளிசைகளிலிருந்து தொடங்கட்டும். அரச மருந்து உற்பத்திக் கூட்டுத்தாபனத்தின் அழுத்தக் குளிசைகளுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்க விளக்கம் அச்சிட எந்த வெளிநாட்டுக் கடனும் தேவையில்லை.

என்ன செய்யவேண்டும் என்பதில் எனக்குத் தடுமாற்றம் இல்லை. அமுக்கம் பார்க்கும் தாதி, பட்டியைக் கழற்றும்போதே இரண்டு கேள்வி கேட்கட்டும்: கடந்த இரண்டு கிழமையில் எதிலும் விருப்பம் இல்லாமல் இருந்ததா, மனம் சோர்ந்து நம்பிக்கையற்று இருந்ததா? உலகெங்கும் மனச்சோர்வை முதற்கட்டமாய்க் கண்டுபிடிக்கக் கேட்கும் கேள்விகள் இவை இரண்டும்தான். ஒரு நிமிடம் போதும். ஓம் என்றால் கொப்பியில் ஒரு குறி, அன்றைக்கே மனநல வைத்திய அதிகாரியிடமோ உளவளத்துணையாளரிடமோ ஒரு சொல். தெல்லிப்பழையில் மனநலப் பிரிவு இருக்கிறது, மற்ற வைத்தியசாலைகளுக்கும் மனநலக் கிளினிக் போகிறது. தயா சோமசுந்தரம் போன்ற வைத்தியர்கள் போர்க்காலத்திலேயே இந்தக் குடாநாட்டில் மனநலச் சேவையை ஊருக்குள் கொண்டுபோன வரலாறும், "மனவடு" என்று தமிழில் கைநூல் எழுதிய வரலாறும் நமக்கு இருக்கிறது. ஆளும் அறிவும் இருக்கிறது. பாலம்தான் இல்லை.

கொப்பி ஒன்றாக வேண்டும். மனநலம் என்று மட்டையில் எழுதவேண்டாம். எல்லாக் கிளினிக்குக்கும் ஒரே மட்டை, உள்ளே முதற்பக்கத்தில் அந்த ஆள் எடுக்கும் எல்லாக் குளிசைகளின் பெயரும் வாசிக்கக்கூடிய எழுத்தில். லித்தியம் எடுப்பவரின் பக்கத்தில் எந்த வைத்தியருக்கும் விளங்கும் ஒரு சிவப்பு அடையாளம். அறுபத்தைந்து வயதுக்கு மேல் மூத்திரக் குளிசை தொடங்கினால் சில கிழமையில் சோடியமும் பொட்டாசியமும் பார்த்தே ஆகவேண்டும் என்ற விதி வேண்டும். பிரதேச வைத்தியசாலையில் அந்தப் பரிசோதனை இல்லையென்றால், இரத்தத்தை அங்கே எடுத்து ஆதார வைத்தியசாலைக்கு அனுப்பலாம். நெடுந்தீவு அம்மா அதற்காகக் கடல் தாண்டி வரக்கூடாது. மருந்துக் கவுண்டரில் ஒரு மருந்தாளர், குளிசை மாறும் மாதங்களில் மட்டுமாவது, நோயாளரை நிறுத்தி விளக்கட்டும்.

வீடு தேடிப் போவதையும் யோசிக்கவேண்டும். இலங்கை, பங்களாதேஷ், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளின் கிராமங்களில் 2,645 பேரோடு நடந்த ஆய்வொன்று 2020இல் வெளியானது. பயிற்சி பெற்ற சமூக சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்குப் போய் அமுக்கம் பார்த்து, ஆறுதலாய்க் கதைத்து வந்த கிராமங்களில் மேல் அழுத்தம் மற்றக் கிராமங்களைவிட 5 அலகு அளவு கூடுதலாக இறங்கியது. நமது நாட்டிலேயே செய்து காட்டப்பட்ட வழி இது. தனியே இருக்கும் மூத்தவர்கள் நிறைந்த வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் எங்கும் அது பொருந்தும். அமுக்கத்தோடு மனத்தையும் விசாரிக்க அவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி கூடுதலாகக் கொடுத்தால் போதும்.

வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் பிறசர் குளிசை எடுக்கும் ஒருவரின் நித்திரையோ குணமோ நடையோ நினைவோ மாறியிருந்தால், அது எந்தக் குளிசை தொடங்கியபின் அல்லது மாறியபின் வந்தது என்று திகதியோடு எழுதி வையுங்கள். வீட்டில் உள்ள எல்லாக் குளிசையையும், பார்மசியில் வாங்கிய நோக் குளிசையையும் நாட்டு மருந்தையும் சேர்த்து, ஒரே பையில் வைத்தியருக்குக் காட்டுங்கள். "இது மனத்தைத் தொடுமா?" என்று கேட்கப் பயப்படவேண்டாம். வைத்தியர் சொல்லாமல் ஒரு குளிசையையும் நிறுத்தவேண்டாம். மனம் தாங்க ஏலாத அளவுக்குப் போனால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம்.

மிச்சம் அதிகாரத்தில் இருப்பவர்களின் வேலை. இரண்டு கேள்வி, ஒரு கொப்பி, ஓர் இரத்தப் பரிசோதனை. இவற்றில் முதலிரண்டுக்கும் கொழும்பின் அனுமதிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. மாகாணத்தின் கீழுள்ள வைத்தியசாலைகளுக்கு வட மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர் அனுப்பும் ஒரு சுற்றறிக்கை போதும். போதனா வைத்தியசாலை அதைத் தன் பங்குக்குத் தானே தொடங்கலாம். இந்த வருடம் முடியும் முன்னரே அந்தச் சுற்றறிக்கை வரவேண்டும்.